எஸ்ஐஆர் மாடல் வளைவு அழகாகப் பொருந்துகிறது, மொத்தக் கணக்கு மட்டும் இடிக்கிறது (1978 பள்ளி ஃப்ளூ தரவு)

மூணாவது_பெஞ்ச்:

வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர். புராஜெக்ட்டுக்கு ஃப்ளூ பரவலும் தடுப்பூசியும் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். எல்லாரும் தொடங்குகிற இடத்தில்தான் நானும் தொடங்கினேன்: 1978 ஜனவரியில் வட இங்கிலாந்தில் ஒரு ஆண்கள் உறைவிடப் பள்ளியில் வந்த இன்ஃப்ளூயன்சா. அந்த மார்ச் மாதமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் குறிப்பாக வந்தது. மொத்தம் 763 மாணவர்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் படுக்கையில் கிடந்தார்கள் என்று 14 நாளுக்கு எண்கள் கிடைக்கின்றன: 3, 8, 26, 76, 225, 298, 258, 233, 189, 128, 68, 29, 14, 4. வரைபடத்தை அளந்து எடுத்தவை என்பதால் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும்.

சாதாரண எஸ்ஐஆர் மாடலை (ஆட்களைத் தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், மீண்டவர்கள் என்று மூன்று பெட்டியாகப் பிரிப்பது) பைத்தானில் எழுதி லீஸ்ட் ஸ்கொயர்ஸில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் முறை) பொருத்தினேன். பீட்டா (பரவும் வீதம்) நாளுக்கு 1.66, தொற்றுக் காலம் 2.2 நாள், ஆர்-நாட் (எல்லாரும் தொற்றக்கூடியவர்களாக இருக்கும்போது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண்) 3.65. பாடப்புத்தகத்திலும் இதேதான் இருக்கிறது, வளைவு புள்ளிகள் மேலேயே போகிறது. கைடு பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு, அப்படியே எழுதிடு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, ஆர்-நாட் 3.65 என்றால் இறுதி அளவுச் சமன்பாட்டின்படி (கடைசியில் மொத்தம் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும் என்று சொல்வது) 97 சதவீதம் பேர், அதாவது 741 மாணவர்கள் தொற்றியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பில் படுத்தவர்கள் 512 பேர்தான் என்று இருக்கிறது. வளைவு இவ்வளவு சரியாக இருக்கும்போது மொத்தம் எப்படி 229 பேர் தவறும்?

இரண்டு, தடுப்பூசி அத்தியாயத்துக்கு வாசலை, அதாவது பரவல் நிற்க எத்தனை சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பார்க்க, 1-ல் இருந்து 1/ஆர்-நாட்டைக் கழித்தால் 73 சதவீதம் வருகிறது. ஊசியின் திறன் 40 சதவீதம் என்று வைத்து வகுத்தால் 100 பேரில் 181 பேருக்கு ஊசி போட வேண்டுமாம்! ஆனால் பருவகால ஃப்ளூவுக்கு ஆர்-நாட் 1.3 அளவில்தான் இருக்கும் என்று வேறு இடங்களில் படிக்கிறேன். எது சரி?

கணக்குப்புலி:

தம்பி, உன் கோடில் பிழை எதுவும் இருக்காது. நீ பொருத்திய எண்கள் எதை அளக்கின்றன என்று பார், அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

அந்த 14 எண்களும் "இன்று படுக்கையில் இருப்பவர்கள்". எஸ்ஐஆரில் ஐ என்பது "இன்று மற்றவருக்குப் பரப்பக்கூடியவர்கள்". இரண்டும் ஒன்று என்று நீ எங்கும் சொல்லவில்லை, ஆனால் பொருத்தும்போது அப்படித்தான் வைத்துவிட்டாய். சரி, இப்போது அந்த 14 எண்களையும் கூட்டிப் பார். 1559 வரும். இது ஆட்கள் கணக்கு இல்லை, படுக்கை-நாள் கணக்கு. உண்மையில் படுத்தவர்கள் 512 என்பதால் ஆளுக்குச் சராசரி 3 நாள். உன் மாடல் என்ன சொல்கிறது? 741 பேர், ஆளுக்கு 2.2 நாள், பெருக்கினால் 1630. பார்த்தாயா, வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிகம் பேரைக் குறைவான நாள் படுக்க வைத்து மாடல் அதே பரப்பை எட்டிவிட்டது. வளைவை மட்டும் காட்டினால் அதற்கு 512-ம் தெரியாது, 3 நாளும் தெரியாது.

அடுத்து வளர்ச்சி வேகம். முதல் ஐந்து நாளில் 3, 8, 26, 76, 225, அதாவது தினமும் சுமார் மூன்று மடங்கு. அடுக்கு வளர்ச்சி வீதம் நாளுக்கு 1.1 என்று வைத்துக்கொள். இந்த ஒரு எண்ணிலிருந்து ஆர்-நாட்டை எடுக்க முடியாது, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் வேண்டும். 2.2 நாள் தொற்றுக் காலம் உள்ள எஸ்ஐஆர் என்றால் 1 + 1.1 × 2.2, சுமார் 3.4. இடையில் 1.3 நாள் மறைவுக் காலம் (தொற்றியும் இன்னும் பரப்பத் தொடங்காத காலம்), பிறகு 1.3 நாள் தொற்றுக் காலம் என்று ஒரு எஸ்இஐஆர் போட்டால் (1 + 1.1 × 1.3)-இன் வர்க்கம், அதாவது 5.9. தரவு அதேதான், வேகமும் அதேதான், ஆர்-நாட் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 3.65 என்ற எண்ணை ஏதோ இயற்கை மாறிலி மாதிரி எடுத்துப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என்னுடைய பழைய எரிச்சல்.

மறுபக்கம் 512/763, அதாவது 67 சதவீதம்தான் உண்மையான மொத்தத் தொற்று, எல்லாரும் தொற்றக்கூடியவர்கள் என்று எடுத்துக்கொண்டால் இறுதி அளவுச் சமன்பாடு ஆர்-நாட் 1.65 என்று சொல்லும். அப்போது தினம் மூன்று மடங்கு வளர வேண்டுமானால் தொற்றுக் காலம் 14 மணி நேரம்தான் இருக்க முடியும். காலையில் தொற்றி ராத்திரிக்குள் கதை முடிந்துவிடுகிற ஃப்ளூ கிடையாது. ஆகவே மிச்சமிருந்த 251 பேரும் அதிர்ஷ்டத்தால் தப்பியவர்கள் இல்லை. ஒன்று, தொற்றியும் படுக்கும் அளவுக்கு ஆகாதவர்கள். இல்லையென்றால் முன்பே எதிர்ப்பாற்றல் இருந்தவர்கள்.

எது என்று இந்த 14 எண்கள் சொல்லாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் ஊகிக்க ஒரு துப்பு இருக்கிறது. அது எச்1என்1 வகை. அந்த வகை 1957-இல் ஆசிய ஃப்ளூ வந்தபோது மனிதர்களிடையே காணாமல் போய், 1977-இல்தான் திரும்பி வந்தது. அந்தப் பள்ளியில் 10 முதல் 18 வயது வரை உள்ள பையன்கள், எல்லாருமே அது காணாமல் போன பிறகு பிறந்தவர்கள். பெரியவர்கள் சுமார் 130 பேர் அவர்களோடு பழகியும் ஒரே ஒருவருக்குத்தான் அதே மாதிரி காய்ச்சல் வந்தது! பெரியவர்கள் 1957-க்கு முன்பே அந்த வகையைப் பார்த்தவர்கள். ஆக மாணவர்களிடம் பழைய எதிர்ப்பாற்றல் இருக்க வாய்ப்பு குறைவு, தொற்றியும் படுக்காமல் திரிந்தவர்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தன்னார்வலர்களுக்கு மூக்கில் ஃப்ளூ வைரஸ் விட்டுச் செய்த ஆய்வுகளை எல்லாம் 2008-இல் ஒரு கட்டுரை தொகுத்தது, அதிலும் தொற்றியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் அறிகுறி வந்தது. இந்த 67 சதவீதத்தோடு அது ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம், அறிகுறி வேறு, படுத்துவிடுவது வேறு.

செய்ய வேண்டியது: ஐ-க்குப் பிறகு "படுக்கை" என்று இன்னொரு பெட்டி சேர். தொற்றியவர்களில் ஒரு பங்கினர் மட்டும் அந்தப் பெட்டிக்குப் போகட்டும், அங்கே சராசரி 3 நாள் இருக்கட்டும். தரவை அந்தப் பெட்டியோடு பொருத்து. 512-ஐ இன்னொரு தரவுப் புள்ளியாகக் கொடு.

பழைய_தாள்:

புலி சொன்னதோடு ஒரு பழைய கதை. இந்த எஸ்ஐஆருக்கு மூலமான கெர்மாக், மெக்கென்ட்ரிக் 1927 கட்டுரையிலேயே இதே விவகாரம் இருக்கிறது, நம் நாட்டுத் தரவோடு.

மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். கொசுவால் மலேரியா பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸோடு சியரா லியோனுக்குப் போனவர், ராஸிடமிருந்துதான் கணக்குப் பித்து பிடித்துக்கொண்டது. கெர்மாக் வேதியியலாளர், 1924-இல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன, அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுரைகள் எல்லாம். இவர்கள் தங்கள் சமன்பாட்டைச் சோதிக்க எடுத்துக்கொண்டது பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்தர எண்ணிக்கை. வளைவு பிரமாதமாகப் பொருந்தியது. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அந்தப் படம் இருக்கிறது.

ஆனால் பம்பாய் பிளேக் ஆளுக்கு ஆள் பரவியது இல்லை. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது. மாடலில் எலியும் இல்லை, தெள்ளும் இல்லை, ஒவ்வோர் ஆண்டும் வெயில் ஏறியதும் பிளேக் இறங்கிவிடும் என்கிற பருவகால விஷயமும் இல்லை. அவர்களே அந்த எண்களைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எச்சரித்திருக்கிறார்கள். பின்னால் படித்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். ஏறி இறங்குகிற மணி வடிவ வளைவுக்கு மூன்று அளவுருக்கள் கொடுத்தால் எந்த மாடலும் பொருந்தத்தான் செய்யும், தம்பி. வைவாவில் இதைச் சொன்னால் மார்க் கூடும்.

ஊசிமருந்து:

நான் சமூக மருத்துவம். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் 181 சதவீதம் என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

உறைவிடப் பள்ளியின் ஆர்-நாட்டை ஊருக்குப் போடக்கூடாது. ஒரே கூடத்தில் தூங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, அந்த வகையை இதுவரை பார்க்காத பையன்கள் 763 பேர். ஊரில் பாட்டி இருப்பார், தனியாகக் கடை வைத்திருப்பவர் இருப்பார், போன வருஷம்தான் ஃப்ளூ வந்து போனவர் இருப்பார். வெளிவந்த மதிப்பீடுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் பருவகால ஃப்ளூவுக்கு இடைநிலை மதிப்பு 1.28, 2009 பெருந்தொற்றுக்கு 1.46, 1918-க்கு 1.80. தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று சொல்வார்கள், அதோடு ஒப்பிட்டால் ஃப்ளூ வெறும் நோஞ்சான். ஆனால் வேகமான நோஞ்சான், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மூன்று நாளில் போய்விடும்.

இந்த "1-க்குக் கொஞ்சம் மேலே" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்-நாட் 1.3 என்றால் வாசல் 23 சதவீதம், 40 சதவீதத் திறன் உள்ள ஊசிக்கு 58 சதவீதம் பேருக்குப் போட வேண்டும். அமெரிக்கத் தரவில் திறன் 2010-11-இல் 60 சதவீதம், எச்3என்2 வகை வைரஸ் உருமாறிப் போன 2014-15-இல் 19 சதவீதம். 19-ஐப் போட்டால் மறுபடியும் நூறைத் தாண்டும். அப்போது ஊசி வீண் என்று எழுதிவிடாதே. வாசலை எட்டுவது ஒன்றுதான் பலன் என்று நினைப்பதுதான் மாணவர்கள் எழுதும் தடுப்பூசி அத்தியாயங்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை.

100 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆர்-நாட் 1.3, ஊசியே இல்லை. இறுதி அளவு 42 பேர். இப்போது 30 பேருக்கு ஊசி, திறன் 40 சதவீதம், அதாவது 12 பேருக்கு முழுப் பாதுகாப்பு, 18 பேருக்கு ஒன்றுமே இல்லை. மிச்சம் 88 பேரிடையே ஆர் 1.144 ஆகிறது. இறுதி அளவை மறுபடி போட்டால் 21 பேர். பாதி! இந்த 21 பேர் குறைந்ததில் ஊசி நேரடியாகக் காப்பாற்றியது அந்த 12 பேரில் எப்படியும் தொற்றியிருக்கக்கூடிய 5 பேரைத்தான். மற்ற 16 பேர் ஊசியால் பாதுகாக்கப்பட்டவர்களே இல்லை, அவர்களுக்கு வர வேண்டிய சங்கிலி நடுவில் அறுந்ததால் தப்பியவர்கள்.

அதே ஊசி, அதே 30 பேர், ஆர்-நாட் மட்டும் உன் 3.65. ஊசி இல்லாமல் 97, ஊசியோடு 84. 13 பேர் குறைகிறார்கள், அதில் கிட்டத்தட்ட 12 பேர் நேரடிப் பாதுகாப்பு. மறைமுகப் பலன் அநேகமாகக் காணவே காணோம். ஆர்-நாட் எவ்வளவு என்பதைத் தப்பாக எடுத்தால் உன் அத்தியாயத்தின் முடிவே தலைகீழாகிவிடும், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 40 சதவீதத் திறன் என்பதை "பத்தில் நாலு பேருக்கு முழுக்க வேலை செய்யும்" என்று எடுத்துக்கொண்டேன். "எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்தை 40 சதவீதம் குறைக்கும்" என்றும் எடுக்கலாம், கசியும் ஊசி என்பார்கள். வாசல் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான், இறுதி எண்ணிக்கை மாறும். எதை எடுத்தாய் என்று புராஜெக்ட்டில் ஒரு வரி எழுது.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரிங்க டாக்டர், பேப்பரில் 42 பேர் 21 ஆகிறார்கள். ஊசி போட்ட என் மச்சானுக்கு வந்தது, போடாத எனக்கு வரவில்லை, அதைச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. ஆனால் ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டாயமாகப் போட்டார்களே, அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்? இந்த மறைமுகப் பலன் நிஜமாகவே எங்காவது கண்ணால் பார்க்கப்பட்டிருக்கிறதா, இல்லை மாடலை வைத்து மாடலை நிரூபிப்பதா?

ஊசிமருந்து:

கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜப்பான் 1962-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது, எழுபதுகளில் சட்டப்படி கட்டாயமாக்கியது. மாயெபாஷி என்ற நகரத்தில் ஊசிக்குப் பின் வந்த ஒரு பக்கவிளைவுக்குப் பிறகு 1980 வாக்கில் நிறுத்திவிட்டு, போடுகிற பக்கத்து ஊர்களோடு பள்ளிக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று 1987-இல் அறிக்கை வந்தது. அந்த ஆண்டிலேயே பெற்றோர் மறுக்கலாம் என்று ஆனது, 1994-இல் திட்டமே போனது. பிறகு 2001-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை, திட்டம் இருந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தடுக்கப்பட்டன, அவற்றில் பெரும்பாலும் முதியவர்கள் என்று சொன்னது. 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஒரு மரணம் குறைந்தது என்று கணக்கு.

இதை நான் அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். நாடு முழுவதற்குமான மரண எண்ணிக்கையை ஆண்டு வாரியாக வைத்துச் செய்த ஒப்பீடு அது, அதே காலத்தில் ஜப்பானில் வருமானமும் வீடும் மருத்துவமும் எல்லாமே மாறின. ஆனால் மாயெபாஷி ஒப்பீட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்கள் பார்த்தது பள்ளிக்கு வராத பிள்ளைகளை. தாத்தா பாட்டியை யாரும் எண்ணவில்லை.

சுத்தமான சான்று வேண்டுமென்றால் கனடாவில் ஹட்டரைட் சமூகத்தில் நடந்ததைப் படியுங்கள். மேற்குக் கனடாவில் பொதுவுடைமையாக, ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் வாழும் மதக் குழுவினர். 2008-09 பருவத்தில் 49 குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி, மற்றவற்றில் ஹெபடைட்டிஸ் ஏ ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசியே போடாத பெரியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது. மாடல் இல்லை, ஆய்வகத்தில் உறுதி செய்த தொற்று. பிள்ளைகளில் சுமார் 83 சதவீதம் பேருக்குப் போட்டார்கள், அதுவும் கட்டுக்கோப்பான சின்னச் சமூகம், சென்னையிலோ லண்டனிலோ அதே எண் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கும் நாற்பது ஆண்டு முன்பே, 1968-இல் ஹாங்காங் ஃப்ளூ வந்தபோது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டெகம்சே என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளில் 85 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டு, பக்கத்து ஏட்ரியன் ஊரோடு ஒப்பிட்டார்கள். ஏட்ரியனில் நோய் சுமார் மூன்று மடங்கு. குலுக்கல் எல்லாம் இல்லை, இரண்டே ஊர்கள். ஆனால் திசை அதேதான்.

பிரிட்டன் 2012-இல் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று முடிவெடுத்து, 2013-இல் மூக்கில் அடிக்கும் மருந்தைத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த மாதிரி மாடல்தான் இருந்தது. அதுவும் யார் யாரோடு பழகுகிறார்கள் என்ற தரவைக் கணக்கில் எடுத்த மாடல்.

மூணாவது_பெஞ்ச்:

புலி சார், படுக்கைப் பெட்டி சேர்த்துப் பார்க்கிறேன், நன்றி. டாக்டர் மேடம், பெரியவர்களைக் காப்பாற்றப் பிள்ளைகளுக்குப் போடுவது ஏன் வேலை செய்கிறது என்று என் அளவிலான கணக்கில் காட்ட முடியுமா? வயதுவாரி மாடல் என்றாலே எட்டு, பத்து பிரிவு என்று மிரட்டுகிறார்கள்.

கணக்குப்புலி:

இரண்டு பிரிவு போதும். கற்பனை எண்கள்தான், எங்கும் மேற்கோள் காட்டிவிடாதே.

ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளைப் போல மூன்று மடங்கு. நோயுற்ற ஒரு பிள்ளை சராசரியாக 1 பிள்ளைக்கும் 0.6 பெரியவருக்கும் பரப்புகிறது. நோயுற்ற ஒரு பெரியவர் 0.2 பிள்ளைக்கும் 0.7 பெரியவருக்கும் பரப்புகிறார். 0.6-ம் 0.2-ம் ஏன் மூன்று மடங்கு வித்தியாசம் என்று யோசித்துப் பார், பிள்ளை பெரியவரைச் சந்தித்தால் பெரியவரும் பிள்ளையைச் சந்தித்தாக வேண்டும், மொத்தச் சந்திப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறைய பேர் இதைச் சரிபார்ப்பதே இல்லை. இந்த 2 × 2 அணியின் பெரிய ஐகன் மதிப்புதான் ஆர்-நாட்: 1.23.

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 50 சதவீதத் திறன் உள்ள ஊசி போட்டால், பிள்ளைகளுக்குத் தொற்றும் வரிசை 25 சதவீதம் சுருங்கும். ஐகன் மதிப்பு 1.03. ஏறக்குறைய வாசலுக்கே வந்துவிட்டோம். அதற்குப் பதில் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போட்டால் 1.15. மூன்று மடங்கு ஊசி செலவழித்து, பாதிக்கும் குறைவான பலன். காரணம் அந்த 1 என்ற எண், பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு. அது இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் வராது, அந்த எண்ணை 0.5 ஆக்கி நீயே ஓட்டிப் பார்.

நிஜ எண்கள் வேண்டுமென்றால் 2008-இல் வெளிவந்த போலிமாட் ஆய்வு இருக்கிறது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேரை ஒரு நாள் முழுக்க யாரைச் சந்தித்தார்கள் என்று டைரி எழுத வைத்தார்கள், 97,904 சந்திப்புகள். பள்ளி வயதினர் தங்கள் வயதினரோடு பழகுவது அந்தப் படத்தில் மூலைவிட்டத்தில் தீ மாதிரி எரியும்.

ஊசிமருந்து:

புலியின் கணக்கோடு ஒரு முட்டுக்கட்டையையும் சேர்த்துக்கொள். ஊசி யாருக்குப் போட்டால் தொற்று குறையும் என்பதும், யாருக்குப் போட்டால் மரணம் குறையும் என்பதும் ஒரே கேள்வி இல்லை. ஆர் நிறைய இருந்து, ஊசி மருந்து குறைவாக இருந்தால் சங்கிலியை அறுக்க முடியாது, அப்போது முதியவர்களுக்கு நேரடியாகப் போடுவதே நல்லது. 1-க்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு. மேலே 1.3-க்கும் 3.65-க்கும் போட்ட கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது பார். மாடலில் "எதைக் குறைக்கப் போகிறோம்" என்று முதலில் எழுதாமல் "சிறந்த திட்டம்" என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை.

இன்னொன்று, பிள்ளைக்கு ஊசி போடும் அம்மா தன் மாமியாரின் நுரையீரலுக்காகவும் சேர்த்துப் போடுகிறார். வலி பிள்ளைக்கு, பலனில் பெரும்பங்கு வேறு ஒருவருக்கு. அவரவர் நன்மையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஊருக்குத் தேவையான அளவை எட்ட மாட்டோம் என்று விளையாட்டுக் கோட்பாட்டை வைத்துக் காட்டிய கட்டுரைகள் இருக்கின்றன. உனக்கு நேரம் இருந்தால் ஒரு பக்கம் எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு.

பழைய_தாள்:

கடைசி அத்தியாயத்தில் "தமிழ்நாட்டுக்குப் பயன்பாடு" என்று ஒன்று போடச் சொல்வார்கள், தெரியும். அப்போது பிரிட்டனின் குளிர்கால அலையைத் தூக்கிச் சென்னை மேல் வைக்காதே. ஸ்ரீநகரில்தான் ஃப்ளூ ஜனவரியை ஒட்டி உச்சம். டெல்லி, கொல்கத்தா பக்கம் ஜூலை, ஆகஸ்ட். சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர். பீட்டாவை கொசைன் அலையாக எழுதுகிறாய் என்றால் உச்சத்தை அங்கே வை. ஊசி எந்த மாதம் என்பதும் அதோடு மாறும்.

மூணாவது_பெஞ்ச்:

ஓட்டிப் பார்த்துவிட்டேன். எஸ்இஐஆர், அதோடு படுக்கைப் பெட்டி. படுக்கைக் காலம் 3 நாள் என்று நிறுத்தி, 512-ஐயும் தரவாகக் கொடுத்தேன். வளைவு முன்பைப் போலவே நன்றாகப் பொருந்துகிறது, படுப்பவர்கள் பங்கு மூன்றில் இரண்டை ஒட்டி வருகிறது. ஆனால் ஆர்-நாட் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, மறைவுக் காலத்தைக் கொஞ்சம் மாற்றினால் அதுவும் ஓடுகிறது.

கணக்குப்புலி:

நிற்காதுதான், நான் முதலில் சொன்ன 3.4-ம் 5.9-ம் அதுதானே. மறைவுக் காலத்தையும் தொற்றுக் காலத்தையும் வெளியிலிருந்து, வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்து நிறுத்து. ஒரே மதிப்பு கொடுக்காமல் ஒரு வீச்சு கொடு. அந்த வீச்சு முழுவதற்கும் ஆர்-நாட் எப்படி மாறுகிறது என்று ஒரு படம் போடு, கைடு என்ன சொன்னாலும் அந்தப் படத்தை எடுத்துவிடாதே. அப்புறம், லீஸ்ட் ஸ்கொயர்ஸை விட்டுவிடு. முதல் நாள் 3 பேரில் 1 தவறுவதும் ஆறாம் நாள் 298-இல் 1 தவறுவதும் அதற்கு ஒன்றுதான். எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சானோ நெகட்டிவ் பைனாமியலோ வைத்து லைக்லிஹுட் (இந்த மாடலில் இந்தத் தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற அளவு) எழுது, கோடு மாட்டினால் இங்கே போடு, ராத்திரி பார்க்கிறேன்.